எடுத்த குடம் கடைசி

செல்போனில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறு எதுவும் இல்லாத காலம் அது. குருசுக்குப்பத்தில் அப்போது தெருவுக்கு ஒரு குழாய். தண்ணீர் வருவதற்கு முன்பே அந்தக் குழாய்க்குக் குடங்கள் வந்துவிடும்.

குடம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. வரிசையில் வைத்துவிட்டால் அது ஆள் மாதிரி. பச்சைப் பிளாஸ்டிக் குடம் நின்றால் அஞ்சலாட்சி நிற்கிறார் என்று அர்த்தம். இடுப்பு நசுங்கிய எவர்சில்வர் குடம் நின்றால் பக்கிரி நிற்கிறார். ஆட்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சீரியல் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பதிலாகக் குடங்கள் வெயிலில் நிற்கும். ஒரு குடமும் இதுவரை முணுமுணுத்ததில்லை.

இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. போட்டவர் அஞ்சலாட்சி. "எடுத்த குடம் கடைசி." வரிசையில் வைத்த குடத்தை என்ன காரணத்துக்காக எடுத்தாலும் சரி, திரும்பவும் கடைசியில்தான் வைக்க வேண்டும். இந்தச் சட்டம் வருவதற்கு முன் தெருவில் தினமும் சண்டை. வந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சண்டை. தண்ணீரே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு வரிசையில் முதல் குடம் கலைமகளுடையது. அரைப் பரீட்சை லீவு. மத்தியானத்துக்கு மேல் வரும் தண்ணீருக்கு விடிவதற்கு முன்பே எழுந்து ஓடிவந்து, ஆரஞ்சு நிறக் குடத்தைக் குழாய்க்கு நேர் முன்னால் வைத்துவிட்டாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் முதலிடம் அது.

மறுநாள் அவள் தம்பிக்குக் காது குத்து. மாமன் வீட்டு ஆட்கள் ஒரு டெம்போ நிறைய வருகிறார்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சாம்பார் வைத்தால் உப்பே போட வேண்டாம், அவ்வளவு கரிக்கும். அம்மா அமிர்தவல்லி தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "முதல்ல நின்னா அண்டா ரொம்பும். கடைசில நின்னா குழாய் இருமுறதத்தான் கேட்டுட்டு வரலாம்."

மத்தியானம் பந்தலுக்கு மூங்கில் வந்தது. முந்தின நாளே வந்துவிட்ட மாமா பையன் தமிழ்மாறன் ஒரு நீள மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "இன்னா?" என்று திரும்பினான். மூங்கிலும் திரும்பியது. பின்னால் டீ குடித்துக்கொண்டு வந்த கோவிந்தசாமித் தாத்தாவின் கையில் இருந்த கிளாஸ் பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது.

"நான் இந்தப் பக்கம்தான தாத்தா திரும்பினேன்," என்றான் தமிழ்மாறன்.

"நீ அந்தப் பக்கம் திரும்புன. உன் வாலு இந்தப் பக்கம் திரும்பிச்சி," என்றார் தாத்தா.

கலைமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் தெரு இருட்டிவிட்டது.

மேகம் இல்லை. ஒரு வண்டி. லாரியை விட உயரம், பஸ்ஸை விட நீளம். சன்னலில் பூப்போட்ட திரை. உள்ளே அடுப்பு, கட்டில், கண்ணாடி அலமாரி எல்லாம் தெரிந்தது. யாரோ வீட்டையே கழற்றிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பின் சக்கரங்களுக்கும் பின்னால் இன்னொரு ஜோடிச் சக்கரம் வேறு இருந்தது, கூட வந்த சொந்தக்காரர் மாதிரி.

ஓட்டி வந்தவர் வெயிலில் சிவந்துபோன ஒரு பிரெஞ்சுக்காரத் தாத்தா. பெயர் லூசியேன். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் வரைபடம். கடற்கரைக்குப் போக வேண்டியவர்கள் ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிட்டார்கள். தெருவின் கடைசியில் கடற்கரை இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே படகுகளும் வலைகளும் இருந்தன, ரோடு இல்லை.

பின்னால் போகலாம் என்றால் அதற்குள் ஒரு மீன் வண்டியும் சில ஆட்டோக்களும் வந்து ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. ஒரே வழி, குழாய் முனையில் இடது பக்கம் திரும்பிப் பெரிய ரோட்டைப் பிடிப்பது.

ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. வண்டிக்கு வழி சொல்லத் தெரியாதவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. பக்கிரி இடது கையைக் காட்டினார். அவர் தம்பி வலது கையைக் காட்டினார். அஞ்சலாட்சி இரண்டு கையையும் காட்டினார். லூசியேன் எல்லோரையும் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அப்படியே நின்றார்.

மொழிபெயர்க்கக் கோவிந்தசாமித் தாத்தாவைத் தள்ளிவிட்டார்கள். அவர் இளவயதில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் தோட்ட வேலை செய்தவர். அவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்று தெரு முழுக்க நம்பியது. தெரிந்ததும் உண்மைதான். ஆனால் தெரிந்ததெல்லாம் தோட்டம் சம்பந்தப்பட்டது. பூ, இலை, மண்வெட்டி, தண்ணீர். இவற்றை வைத்து ஒரு வண்டியை எப்படித் திருப்புவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

லூசியேன் ஒரு பொத்தானை அழுத்தினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். கடைசிச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு மெல்ல மேலே எழும்பின.

"ஏய், நாய் காலத் தூக்குது பாரு," என்றான் தமிழ்மாறன். பக்கத்தில் நின்றவர்கள் பட்டென்று இரண்டடி தள்ளி நின்றார்கள்.

அந்தக் காலைத் தூக்கினால்தான் அவ்வளவு நீள வண்டி சின்ன முனையில் வளைந்து கொடுக்கும். வண்டி மெல்ல இடது பக்கம் வளைந்தது. எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். முன்பக்கம் சுவரில் இடிக்கவில்லை. "போ போ போ," என்றது தெரு.

கலைமகள் மட்டும் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடம் அங்கேதான் இருந்தது. குழாய் சுவர்ப் பொந்துக்குள் ஒளிந்திருந்தது. குடங்கள் மட்டும் வலது சுவரோரம் வரிசையாக வெளியே நின்றன. வண்டியின் மூக்கு இடது பக்கம் போகப் போக, அதன் வால் வலது பக்கம், குடங்களை நோக்கி, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

மூங்கில். அதே மூங்கில்.

ஓடிப்போய் வண்டியின் பின்பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். டவுன் பஸ்ஸில் கிளீனர் தட்டுகிற தட்டு. வண்டி நின்றது. அஞ்சலாட்சியின் பச்சைக் குடத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம்.

"குடத்தெல்லாம் எடுத்தாத்தான் வண்டி திரும்பும்," என்றாள் கலைமகள்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் குடத்தைப் பார்த்தார்கள். எடுத்த குடம் கடைசி. பக்கிரியின் தம்பி, அவசரத்துக்கு ஒரு தடவை சட்டத்தைத் தள்ளிவைக்கலாமே என்று இழுத்தார். அவர் குடம்தான் ஏற்கெனவே கடைசி என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்றார் இன்னொருவர். திரும்ப வைக்கும்போது முண்டினால் யார் பொறுப்பு என்று அஞ்சலாட்சி கேட்டார். மீன் வண்டி ஹாரன் அடித்தது. தண்ணீர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கலைமகள் தன் குடத்தைப் பார்த்தாள். அம்மாவின் அண்டாவை நினைத்தாள். டெம்போ நிறைய வரப்போகும் மாமன் வீட்டாரை நினைத்தாள். பிறகு குனிந்து, ஆரஞ்சுக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பெரிம்மா, நான்தான் கடைசி," என்றாள் அஞ்சலாட்சியிடம். "கடைசி யாருன்னு தெரிஞ்சிபோச்சி. இனிமே இன்னா சண்ட? நீங்க எல்லாரும் இதே வரிசையா எடுத்து, இதே வரிசையா வைங்க."

அஞ்சலாட்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். தன் பச்சைக் குடத்தைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் பக்கிரி. அதற்குப் பின்னால் தெரு முழுக்க. வண்டிக்குப் பின்னால் தள்ளிப்போய், எடுத்த வரிசையிலேயே குடங்களை வைத்தார்கள். ஆரஞ்சுக் குடம் வால் மாதிரி கடைசியில் நின்றது.

அடுத்து கலைமகள் வழி சொல்கிறவர்களை எல்லாம் ஓரமாக நிற்கச் சொன்னாள். குடத்தை எடுப்பதை விட அதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. முன்னால் தமிழ்மாறன் ஒருவன், பின்னால் அவள் ஒருத்தி, அவ்வளவுதான். லூசியேனின் சன்னலுக்குக் கீழே போய், கதவில் ஒரு தட்டு தட்டிக் கையை நிறுத்திக் காட்டினாள். இரண்டு தட்டு தட்டி, கையை முன்னால் வீசிக் காட்டினாள். அவர் கட்டை விரலை உயர்த்தினார். தோட்டப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

தட் தட். வண்டி நகர்ந்தது. தட். நின்றது. கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால். வால் சுவரை ஒட்டிக்கொண்டு, குடங்கள் நின்றிருந்த இடத்தின் மேலேயே, குழாயை மறைத்துக்கொண்டு வந்தது. மாறன் முன்னால் கையைத் தூக்கினால் இவள் பின்னால் தட்டினாள். அப்படியே அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக அந்த வீடு முனையைத் திரும்பி, பக்கத்துத் தெருவில் நேராக நின்றது. கடைசிச் சக்கரங்கள் புஸ்ஸென்று தரையில் இறங்கின. தெரு கை தட்டியது. மீன் வண்டி மட்டும் கை தட்டாமல் பறந்துபோனது.

அப்போதுதான் எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள். கீழே தரை நனைந்து சொதசொதவென்று இருந்தது. வண்டியின் வாலுக்குப் பின்னால், யாரும் நெருங்க முடியாத அந்த நேரத்தில், தண்ணீர் வந்து, ஓடி, சாக்கடைக்குப் போய்விட்டிருந்தது. குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு அதுவும் இல்லை.

தெரு மெல்லத் திரும்பிக் கலைமகளைப் பார்த்தது. முதல் குடத்துக்காரி தன் வீட்டுத் தண்ணீரை மட்டும் விடவில்லை, தெருத் தண்ணீரையே விட்டுவிட்டாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று வெறும் குடத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நன்றி சொல்ல இறங்கி வந்த லூசியேன் அந்த முகங்களைப் பார்த்தார். என்ன என்று கையால் கேட்டார். கோவிந்தசாமித் தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். குழாயைக் காட்டினார். குடங்களைக் காட்டினார். இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்த ஒரு சொல்லை எடுத்து வெளியே விட்டார்.

"தெ லோ," என்றார். தண்ணீர்.

லூசியேன் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் விடுவிடுவென்று நடந்து வண்டியின் இடுப்பில் ஒரு சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு குழாய். அதில் சுருட்டி வைத்த ரப்பர் டியூப். அந்த வண்டியின் வயிற்றுக்குள் ஒரு பெரிய தொட்டியே இருந்தது. காலையில்தான் நிரப்பியது. டியூப்பின் நுனியில் இருந்து பளபளவென்று தண்ணீர் விழுந்தது.

கண் மூடித் திறப்பதற்குள் வண்டியோரம் வரிசை வந்துவிட்டது. முதலில் பச்சைக் குடம், பிறகு நசுங்கிய எவர்சில்வர், எல்லாம் ஒழுங்காக. கலைமகள் நடந்துபோய்க் கடைசியில் தன் குடத்தை வைத்தாள்.

அஞ்சலாட்சி வந்தார். ஆரஞ்சுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் முன்னால், தன் பச்சைக் குடத்துக்கும் முன்னால் வைத்தார்.

"பெரிம்மா, எடுத்த குடம் கடைசி," என்றாள் கலைமகள்.

"அது அந்தக் குழாய்க்குத்தான்டி," என்றார் அஞ்சலாட்சி. "இது வேற குழாய். டேய் மாறா, நின்னு பாத்துக்கினு இருக்கியே. போயி அவங்க வீட்டு அண்டாவ எடுத்தா."

அண்டா நிரம்பியது. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது. மறுநாள் காது குத்தில் லூசியேனும் அவர் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்து, தங்கள் தண்ணீரிலேயே வைத்த சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள். தம்பி ஊசியைப் பார்த்து அழவில்லை. லூசியேனின் மீசையைப் பார்த்துத்தான் அழுதான்.

இப்போது அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய். வரிசை இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் அந்த முனையில் இன்றைக்கும் எந்த வண்டி திரும்பினாலும் யாராவது ஒருவர் எழுந்துபோய், பின்னால் நின்று, இரண்டு தட்டு தட்டித்தான் அனுப்பிவைக்கிறார்கள். சைக்கிளாக இருந்தாலும்.