எட்டாம் கூண்டின் சீட்டு

"எல்லாத்தையும் நான் இட்டுக்கட்டி எழுதிட்டேன்னு சொல்றாங்க ஆன்ட்டி." இளமதி காபி டம்ளரைத் தொடவே இல்லை.

கனகாம்பாள், பொன்னேரி கோர்ட்டில் முப்பது வருடம் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். யார் எந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது அவருக்குத் தப்பாது. ஊர்ச் சிக்கலெல்லாம் அவரிடம்தான் வரும். கணவர் திருமலைக்கு அதில் சொல்லி மாளாத பெருமை.

"கேஸு இன்னாம்மா? மொதல்லேர்ந்து சொல்லு," என்று திருமலை நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இளமதி ஆராய்ச்சி செய்வது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆய்வுக்கூடத்தில். பத்துக் கூண்டுகளில் சுண்டெலிகள். ஐந்து கூண்டுகளுக்கு மது, மற்ற ஐந்துக்கு வெறும் நீர்.

"மது உடம்புல உடைஞ்சு அசிடேட்டா மாறும். அது மூளைக்குப் போய், ஜீனைச் சுத்தியிருக்கிற புரதத்துல முத்திரை மாதிரி ஒட்டிக்கும். ஜீன் மாறாது ஆன்ட்டி. ஆனா அடங்கியிருக்க வேண்டிய ஜீன் வேலை செய்ய ஆரம்பிச்சிடும். அந்த முத்திரையைத்தான் நான் படிக்கிறேன்."

எட்டாம் கூண்டு நீர்க் கூண்டு. ஆனால் அதன் எலிகள் எல்லாவற்றின் மூளையிலும் மதுவின் முத்திரை இருந்தது. நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் நான்கு வருட ஆராய்ச்சியும் போச்சு என்று சொல்லிவிட்டார் தலைவர் அருணா.

"எது எந்தக் கூண்டு எலின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. மூளை மாதிரியெல்லாம் ரகசியக் குறியீட்டோடதான் எனக்கு வரும். பட்டியல் மேடம்கிட்ட இருக்கு."

கனகாம்பாள் செருப்பை மாட்டினார். திருமலையும் கூடவே கிளம்பினார்.

ஆய்வுக்கூடத்தில் ஒன்பது கூண்டுகளில் அச்சடித்த சீட்டுகள்: 'மது' அல்லது 'நீர்'. எட்டாவதில் மட்டும் கையெழுத்தில் 'தண்ணி'.

"பழைய சீட்டு நனைஞ்சு கிழிஞ்சிடுச்சு. நான்தான் எழுதி ஒட்டினேன்," என்றாள் இளமதி.

கனகாம்பாள் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினார். சீட்டு மாறிய வாரத்திலிருந்து மது சீக்கிரமே தீர்ந்திருந்தது. கூண்டுகளுக்குப் பாட்டில் நிரப்பும் கலியனை அழைத்தார்.

"ஏம்பா, நீ தண்ணி போடுவியா?"

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? தண்ணியத் தொட்டு பன்னெண்டு வருசம் ஆவுது!"

"யோவ், அப்ப கைல வச்சுக்கினு இருக்கறது இன்னா?" அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டிச் சிரித்த திருமலை, பாதியிலேயே நிறுத்தினார். "கனகா..."

"அதேதாங்க," என்று புன்னகைத்த கனகாம்பாள், அருணாவை வரவழைத்தார். "கலியா, எட்டாம் கூண்டுக்கு இன்னா ஊத்துன?"

"சரக்குதாம்மா. சீட்டுல தண்ணின்னு எழுதியிருந்துச்சே! மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். வெறும் தண்ணின்னா நீர்னுதான போடுவாங்க?"

கலியனின் முகம் வெளுத்தது.

"அண்ணன் மேல தப்பில்ல மேடம். எழுதினது நான்," என்றாள் இளமதி, நிமிர்ந்து நின்று.

கனகாம்பாள் நிதானமாகச் சொன்னார்: "சீட்டு நீர்க் கூண்டுன்னு நினைச்சு எழுதினது. எலி குடிச்சது மது. இட்டுக்கட்டுற பொண்ணு எட்டாவதையும் 'நீர்'னுதான் காட்டியிருப்பா. எந்த எலின்னே தெரியாம, மூளையைப் பார்த்தே குடிச்சதைச் சொல்லியிருக்கா."

அருணா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இளமதியின் தோளைத் தொட்டார். "மன்னிச்சிடும்மா. எட்டாம் கூண்டை நீக்காதே. நடந்ததை நடந்தபடி எழுது. உன் வேலைக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது."

வாசலுக்கு வந்ததும் இளமதி பழவேற்காட்டில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டாள். "நைனா, நான் படிச்சது சரிதான்!"

"கேட்டீங்களாடா, எலி மூளையப் படிச்சது எம்பொண்ணு!" கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் அவர் கத்தியது போனைத் தாண்டிக் கேட்டது.

திருமலையால் பொறுக்க முடியவில்லை. போனருகே குனிந்து அதைவிடச் சத்தமாகக் கத்தினார்: "கேஸக் கண்டுபுடிச்சது எங்க ஊட்டுக்காரம்மா!"