பந்தியில் ஒரு காலி இலை

தில்லைநகர் நாடா நிலையத்தில் எட்டு மாதம் காத்திருந்த பிறகு இளங்கோவனுக்கு முறை வந்தது. அந்தக் காலத்தில் டெக் என்பார்களே, கேசட்டை நீட்டினால் லபக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளுமே, அது மாநிலம் முழுக்க ஒன்பதுதான் உயிரோடு இருக்கிறது. அதற்குத்தான் இந்த அடிதடி. பழசின் மேல் பாசம் என்று நினைத்தால் தப்பு. மற்ற படமெல்லாம் இணைய வலையில் கிடக்கிறது. வலையில் கிடப்பதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நாடா மட்டும் பேச்சு மாறாது என்று சனங்கள் நம்பினார்கள்.

நாடா வாசிப்பாளர் தூரிகாவுக்கு முப்பது வயதிருக்கும். அவள் கண்ணில் கண்வில்லை இல்லை, காதில் செவிமணி இல்லை. ஊரில் மற்ற எல்லாருக்கும் இரண்டும் பதித்தாயிற்று. அவை எழுத்தைப் பெரிதாக்கும், எதிரே வருபவரின் பெயரைச் சொல்லும், பார்க்கவும் கேட்கவும் வேண்டாததை மறைத்துவிடும். நாடா வாசிப்பாளர்கள் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் என்பதால் வெறுங்கண்ணோடுதான் இருக்க வேண்டும், அது சட்டம். அவள் இளங்கோவனுக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்துவிட்டு, இன்னொன்றை வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்து வரப்போகிறவருக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் இளங்கோவன்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. அண்ணன் கதிரேசனின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், அதற்காகத்தான் வந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கதிரேசன் ஓட்டிய காரில்தான் அப்பா செத்துப்போனார். காரியம் முடிந்த மறுநாளே இளங்கோவன், வேண்டாதவரை நீக்கித் தரும் விலக்கு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கு இருந்த ஆத்திரத்தில் படிவத்தை யார் படித்தார்கள்? இருந்த கட்டங்களிலெல்லாம் டிக் அடித்துவிட்டு வந்தார். அது திரும்பப் பெற முடியாத கையெழுத்து. வீட்டுப் படங்களிலிருந்து அண்ணன் மறைந்தான். வீட்டிலும் அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை. ரோஷக்காரன், கிளம்பிப் போய்விட்டான் என்று இவர் முடிவு கட்டிக்கொண்டார். விலக்கியவரிடம் விலக்கப்பட்டவரைப் பற்றிப் பேசுவது குற்றம் என்பதால் அக்கம்பக்கத்திலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கோபம் போக ஆறேழு வருஷம் ஆயிற்று. அது போனபோது முகமும் சேர்ந்து போயிருந்தது. எவ்வளவு யோசித்தாலும் அண்ணனின் மூக்கும் முழியும் பிடிபடவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

இளங்கோவன் கொண்டுவந்த பழைய கேசட்டைத் தூரிகா வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சுருள் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

“ஒரு தடவைதான் தாங்கும் ஐயா. பாத்துக்கிட்டு இருக்கும்போதே அறுந்தாலும் அறுந்துடும்.”

“பரவால்லம்மா. போடு.”

முதலில் ஓடியது ஏதோ ஒரு சினிமா. சித்தி கல்யாணக் கேசட்டின் முதுகில் இருந்த பிளாஸ்டிக் துண்டை யாரும் உடைத்து வைக்கவில்லை. உடைத்திருந்தால் மேலே பதிவாகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா டிவியில் வந்த படத்தை அதிலேயே பதிந்துவிட்டாள். தாலி கட்டினது, மாலை மாற்றினது எல்லாம் அதோடு போச்சு. படம் முடிந்து திரையில் புள்ளி மழை பெய்தது. அப்புறம் பளிச்சென்று கல்யாணப் பந்தி வந்தது.

வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சம் வரிசையாக இலைகளின் மேல் நகர்ந்து வந்தது. அத்தை கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மென்றுகொண்டே விறைப்பாக நிமிர்ந்தார். அடுத்தது பத்து வயது இளங்கோவன். பக்கத்து இலையில் யாருமில்லை.

இளங்கோவன் திரையை நெருங்கி உட்கார்ந்தார். அந்த இலையின் முன்னால் பரிமாறுகிறவர் குனிந்து சாம்பார் ஊற்றினார். சோறு பாதி காலியாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையிலிருந்து ஜாங்கிரி ஒன்று தானாக மேலே எழுந்தது, மெதுவாக நகர்ந்து வந்து சிறுவனின் இலையில் உட்கார்ந்தது. சிறுவன் பக்கத்திலிருந்த வெறும் காற்றைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். டெக் கரகரவென்று இருமியது. நாடா உள்ளே கசங்கி அறுந்தது.

இளங்கோவனுக்குப் படிவத்தின் இரண்டாவது கட்டம் இப்போது நினைவுக்கு வந்தது. முதல் கட்டத்தில் ‘படங்களிலிருந்து’ என்று போட்டிருந்தது. இரண்டாவதில் ‘பார்வையிலிருந்து’. நாடா பொய் சொல்லவில்லை. நாடாவில் அண்ணன் இருந்தான். அவரது கண்தான் மறைத்துவிட்டது. அடப்பாவி, இதற்கா எட்டு மாதம் காத்திருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“நீ பாத்தியாம்மா? எப்படி இருந்தான்?”

பார்த்ததைச் சொல்வதுதான் அவள் வேலை, விலக்கப்பட்டவரைப் பற்றிப் பேசக்கூடாது என்ற சட்டம் சாட்சிகளுக்குக் கிடையாது. பதினேழு வயது இருக்கும் என்றாள். ஒல்லி. இடது கண்ணுக்குக் கீழே மிளகு அளவுக்கு மச்சம், வலது காது மடலில் ஒரு வெட்டு, ஜாங்கிரியை இடது கையால் எடுத்து வைத்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பெஞ்சைப் பார்த்தாள்.

“ஐயா, உங்க கூட வந்தவரு யாரு?”

“நான் தனியாத்தானேம்மா வந்தேன்.”

“இல்லீங்க. உங்க பின்னாடியே குடைய மடக்கிக்கிட்டு வந்து உக்காந்தாரு. இடது கையில டீ குடிச்சிட்டிருக்காரு. அதே மச்சம், அதே காது.”

இளங்கோவன் கதவுப் பக்கம் திரும்பினார். பெஞ்சில் யாரும் இல்லை.

காலையில் கண் விழிக்கும்போது தலைமாட்டில் இருக்கும் காபி அவர் நினைவுக்கு வந்தது. போன வருஷம் காபி போட்டு வைக்கும் வீட்டேவல் எந்திரம் மூன்று மாதம் பழுதாகிக் கிடந்தது. அப்போதும் ஒருநாள் கூடக் காபி தவறவில்லை. தானே சரியாகிவிட்டது போல என்று அவர் குடித்துக்கொண்டிருந்தார். மாத்திரைப் பெட்டி காலியானதே இல்லை. மழை வரும் நாளில் வாசலில் குடை இருக்கும். இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறான்.

எழுந்து தள்ளாடிக்கொண்டே வெளியே வந்தார். பெஞ்சின் மேல் டம்ளர் மட்டும் இருந்தது, அடியில் ஒரு மடக்கு டீ மிச்சம். தடவித் தடவி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் ஏதோ பட்டது. சட்டை மடிப்பாக இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்த அதே கனம்.

“அண்ணே,” என்றார். “என்னை மன்னிச்சிருண்ணே.”

செவிமணி விட்டுவைத்த சாலைச் சத்தம் மட்டும் காதில் கேட்டது. கதவருகே நின்ற தூரிகாவை அண்ணாந்து பார்த்தார்.

“என்னம்மா சொல்றாரு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“‘நீதான்டா என்னை மன்னிக்கணும்’னு சொல்றாரு. தினமும் சொல்றதத்தான் சொல்றாராம்.”