உறைக்கொடை

வேலைக்குப் போகும் வழியில் பாளையங்கோட்டை இதய வளர்ப்பகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது முத்தரசனுக்குப் பழக்கமாகிவிட்டது. வாசல் காவலர் வழக்கம்போலக் கேட்டார். "என்ன தம்பி, வடிவோடது நல்லா துடிக்குதா?"

"துடிக்கு அண்ணாச்சி."

கண்ணாடிக் கலத்துக்குள், வடிவின் உயிரணுவிலிருந்தே வளர்த்த புது இதயம் நெல்லிக்காய் அளவில் துடித்துக்கொண்டிருந்தது. வடிவு அவன் மாமன் மகள். மாடியில் மெஷின் இதயத்தோடு நினைவில்லாமல் கிடந்தாள். தை பிறந்தால் இருவருக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

இன்று டாக்டர் ஜெசிந்தா கலத்தருகே நின்ற தோரணையே சரியில்லை.

"மேலுறை மறுபடியும் உதிர்ந்துட்டு, முத்தரசன்."

"இதயம் நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"இதயம் தன் உறையைத் தானே உண்டாக்காது. தாய் வயித்துலயும் அப்படித்தான். கல்லீரல் பக்கத்துல முளைக்கிற உயிரணுக் கொத்து தாண்டி வந்து, வெறும் இதயத்து மேல ஒட்டிப் பரவும். அதுல கொஞ்சம் உள்ள இறங்கி ரத்தக்குழாயாகும். வடிவோட உறையணு ஒட்டவே மாட்டேங்குது. அவ நோயே அதுதான். சாயங்காலத்துக்குள்ள வேற ஆளோட அணுவை விடலேன்னா இது நின்னுரும். இன்னொண்ணு வளர்ற வரைக்கும் மெஷின் தாங்காது."

"மாமாவோடது?"

"அவங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் பாத்தாச்சு. சேரல. உங்களுது சேருது."



உறைக்கொடைச் சட்டம் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முன்பெல்லாம் சில தடியன்கள் உறையணு கொடுத்துவிட்டு, "உன் நெஞ்சே என்னுது, கழுத்தை நீட்டு" என்று பெண்களை மிரட்டினார்கள். அதனால் கொடுத்தவனும் வாங்கியவளும் அன்றுமுதல் உடன்பிறந்தவர்கள் என்று சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பாழாய்ப்போன சட்டத்துக்குத் தடியனும் ஒன்றுதான், அத்தானும் ஒன்றுதான்.

கலத்தில் ஒரு துடிப்பு தப்பியது. திரும்ப வந்தது. மறுபடியும் தப்பியது, இந்தத் தடவை வரத் தாமதமானது.

"சீக்கிரம் எடுங்க டாக்டர்," என்றான் முத்தரசன், சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி.

ஒட்டியது. அவனுடைய அணுக்கள் மெல்லப் பரவி அந்த இதயத்தை முழுக்கப் போர்த்தின. அது முற்றி, வடிவின் நெஞ்சுக்குள் பொருத்தப்பட்டு, அவள் கண் விழிக்கும்வரை அவன் ஒரு சொல்லைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். ஒரு தடவைகூட அது ஒழுங்காக வரவில்லை.

"அத்தான்," என்றாள் வடிவு.

அந்தக் குரலுக்காக எப்படி ஏங்கிப்போயிருந்தான்!

"அத்தான் இல்ல வடிவு..."

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்லா?"

"நல்லவேளை, கேக்க முடியல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி விம்மி விம்மி அழுதாள். அவனும் அழுதான். வெகுநேரம் கழித்து அவளே இந்தப் பக்கம் திரும்பினாள்.

"தொண்டை காயுது," என்றாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க, அண்ணே."