மாப்பை எழுத்தும் தவராசாவின் காலும்

முறிந்தது தவராசாவின் இடது கால் மட்டும்தான். ஓய்ந்து போனவை அவனுடைய அக்கா அருந்ததியின் இரண்டு கால்களும்.

"அக்கா, தண்ணி."

"அக்கா, நுளம்பு குத்துது. விசிறி விடு."

"அக்கா, பிளாஸ்டருக்குள்ளை கடிக்குது. ஈர்க்கு ஒண்டு கொண்டு வா."

கொண்டுபோன ஈர்க்கு நீளம் போதாது என்பான். நீளமானதைத் தேடிக் கொண்டுபோனால், அரிப்பு நின்றுவிட்டது என்பான். அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. மூன்று வயது முந்திப் பிறந்த குற்றத்துக்கு இவ்வளவு தண்டனையா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அவள் ஓடுவாள்.

கால் முறிந்த கதையாவது பெருமையாகச் சொல்லக்கூடியதா என்றால் அதுவும் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே புதிதாகக் கிடைத்த வயலில் அவர்களுடைய ஐயா ஒரு காவற்பரண் கட்டியிருந்தார். யானை வருகிறதா என்று பார்க்க, மார்கழி மாதத்தில் ஒரு மத்தியானம் தவராசா அதில் ஏறினான். யானை வரவில்லை. எட்டிப் பார்த்தவன்தான் கீழே வந்தான். ஆனால் யார் கேட்டாலும் "யானையாலை விழுந்தனான்" என்றே சொன்னான். அந்த யானை எந்தக் காட்டில் தன்பாட்டில் குழை தின்றுகொண்டு நின்றதோ, பாவம்.

மாசி பிறந்தது. முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டை அவிழ்க்க வேண்டிய நாள் நெருங்கியது. தவராசா ஒரே பிடியாக நின்றான்.

"நான் வரமாட்டன்."

முதற் பயணத்தை அவன் மறக்கவில்லை. ஒட்டுசுட்டான் வரைக்கும் மாட்டுவண்டில், அதற்குப் பிறகு பஸ். வழியெல்லாம் பள்ளமும் கிடங்கும். வண்டிற் பலகை காலில் இடிக்க இடிக்க அவன் போட்ட கூச்சலில் மாடுகளே மிரண்டன. திரும்பி வரும்போது ஐயா வைக்கோல் பரப்பிப் பார்த்தார். வைக்கோலில் கிடந்த பூச்சி ஒன்று பிளாஸ்டருக்குள் குடிபோய்விட்டது. அந்தப் பூச்சிக்காகவும் ஈர்க்குத் தேடி ஓடியவள் அருந்ததிதான்.

கட்டு இருந்துவிட்டுப் போகட்டும், பெரிய ஆளான பிறகும் கட்டோடேயே இருக்கிறேன் என்று தவராசா அறிவித்துவிட்டான். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. சொன்ன நாளில் கட்டை அவிழ்த்து நடக்கப் பழக்காவிட்டால் முழங்கால் மடங்காமலே போகலாம் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அம்மாவால் கூடப் போகவும் முடியாது, ஐயாவோடு அருந்ததிதான் போகவேண்டும்.

அருந்ததிக்கு அவனை நினைத்தால் எரிச்சல்தான். ஆனாலும் அந்த வீம்புக்குள்ளே இருப்பது பயம் என்பது அவளுக்குத் தெரியும். பஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

காலுக்குத் தலையணை கொண்டுபோகலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் விடியற்காலைப் பனிக்கு மடியில் போர்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவன் கேட்டான். தலையணை, போர்வை, பிளாஸ்டர்க் கால் எல்லாவற்றோடும் சனம் நிறைந்த பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் மூன்றையும் சேர்த்தே இறக்கிவிடுவார்.

அப்போதுதான் அவளுக்கு நேசமலர் ரீச்சரின் ஞாபகம் வந்தது. முல்லைத்தீவிலிருந்து நாள்தோறும் ஒட்டுசுட்டான் வரைக்கும் பஸ்ஸிலும் மிச்சத் தூரம் வண்டிலிலும் வந்து தையல் படிப்பிக்கிற ரீச்சரிடம் ஒரு சின்னப் போர்வை இருந்தது. பஸ்ஸில் அதை மடியில் விரித்துக்கொள்வார். பள்ளிக்கூடம் வந்ததும் அதை மடிப்பார். போர்வையின் பின்பக்கத்தில் ஒரு பை தைத்திருக்கும். அந்தப் பையைப் புரட்டிப் போர்வையை அதற்குள் அடைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு திண்டாகிவிடும். கதிரையில் போட்டு அதன்மேல் இருப்பார். அருந்ததி அதைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவை பார்த்தது போதும் என்று நினைத்தாளே, அங்கேதான் பிழை தொடங்கியது.

ஐயா உடுத்துப் பழசாய்ப்போன சாரம், குறுகிப்போன தன் பொங்கற் சட்டை, நிறம் மங்கிய திரைச்சீலை எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டிப் பொருத்தினாள். மெத்தென்றிருக்க நடுவில் தலை துவட்டும் துவாய் ஒன்றை வைத்தாள். அடியில் அம்மாவின் நூற்சீலையைப் போட்டு மூன்றையும் சேர்த்துத் தைத்தாள். சொல்வதற்கு எளிது. பக்கத்துக் கட்டிலில் தவராசா கிடக்கும்போது செய்து பார்க்கவேண்டும்.

இந்தச் சதுரம் சரிந்து கிடக்கிறது என்றான். சாரத் துண்டைச் சிவப்புத் துண்டுக்குப் பக்கத்தில் வை என்றான். பிரித்து வைத்துக் கொடுத்தால், முந்தி இருந்ததுதான் வடிவு என்றான். ஒரு யானையும் தைக்கச் சொன்னான். ஒரு பின்னேரம் முழுவதும் தேடிய கத்தரிக்கோல் அவனுடைய முதுகுக்குக் கீழே கிடந்தது. எல்லாம் முடிந்து ஒரு நிமிடம் தரையில் விரித்து வைத்தால், தம்பிப் பாப்பா தவழ்ந்து வந்து சரியாக நடுவில் இருந்து நனைத்துவிட்டான்.

"நான் இனித் தைக்கேல்லை," என்று அருந்ததி போர்வையைச் சுருட்டி எறிந்தாள்.

பிறகு அவளே போய் எடுத்து, கழுவி, வேலியில் காயப்போட்டாள்.

கடைசியாக மிஞ்சியது பை. அது கிழியாமல் இருக்கவேண்டுமே என்று, அமெரிக்கன் கோதுமை மா வந்த துணிப்பையில் ஒரு பெரிய சதுரம் வெட்டினாள். வடிவுக்காக அதன் ஒரு பக்கத்தில் பொங்கற் சட்டையின் பூத்துணியை வைத்தாள். மாப்பையில் கொட்டை கொட்டையாக நீல நிற இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சவர்க்காரம் போட்டு அவித்தால் எழுத்துப் போய்விடும், அதைச் செய்துவிட்டுத் தை என்று அம்மா சொன்னார். அருந்ததிக்குப் பொறுமை எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. எழுத்து உள்பக்கம்தானே போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பூத்துணி வெளியே தெரிகிற மாதிரி மூன்று பக்கமும் தைத்து முடித்தாள். கடைசித் தையல் போட்டபோது பொழுது பட்டுவிட்டது. மறுநாட் காலையில் பயணம்.

பனி மூடிக் கிடந்த விடியலில் ஐயா மாடுகளைப் பூட்டினார். அவர் தவராசாவைத் தூக்கி வண்டிலில் வைத்ததும் அருந்ததி அவன் மடியில் போர்வையை விரித்தாள். அவன் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தான். அருந்ததிக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும் போலிருந்தது.

வெயில் ஏறியதும் சரளைக்கல் பரவிய கிறவல் பாதை தன் குணத்தைக் காட்டியது. முதற் பள்ளத்தில் பலகை இடிக்கவே தவராசா கத்தினான். "திண்டைச் செய், அக்கா. கெதியா."

அருந்ததி போர்வையை மடித்தாள். பையைப் புரட்டி உள்ளே அடைத்தாள். ரீச்சருடையதைப் போலவே கொழுகொழுவென்று ஒரு திண்டு வந்தது. வந்ததுதான், ஆனால் பூத்துணியைக் காணவில்லை. திண்டின் மேலே நீலக் கொட்டை எழுத்துகள் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தன.

பையைப் புரட்டினால் உள்ளே இருப்பது வெளியே வரத்தானே செய்யும். பூத்துணியை உட்பக்கமாக வைத்தல்லவா தைத்திருக்கவேண்டும். அருந்ததிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தவராசா காலை இழுத்துக்கொண்டான். எழுத்தில் கால் வைக்கமாட்டேன் என்றான். அவள் திண்டைக் குப்புறப் புரட்டிப் போட்டாள். எழுத்தை மாட்டுச்சாணி பட்ட பலகையில் போட்டு அதற்கு மேலே காலா, அது இன்னும் மோசம் என்றான். இது இங்கிலீஷ் எழுத்து, மா வந்த பைதானே, பாடப்புத்தகமா என்று அவள் கத்தினாள். பிறகு இருவருமாக ஐயாவைப் பார்த்தார்கள்.

ஐயா சிரித்துத் தள்ளிவிடுவார் என்று அருந்ததி நம்பியிருந்தாள். அவர் மாட்டை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். "எந்தப் பாசையெண்டாலும் எழுத்து எழுத்துத்தானே, பிள்ளை. கால் வைக்க வேண்டாம்," என்றார்.

"அப்ப பலகையிலையே வைச்சு இடிபடு," என்றாள் அருந்ததி தம்பியைப் பார்த்து. நாட்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

தவராசா திருப்பிக் கத்தவில்லை. குரல் இறங்கிப்போய்ச் சொன்னான்: "பள்ளிக்கூடம் போகாமல் படிச்சதெல்லாம் பாதி மறந்துபோச்சு, அக்கா. எழுத்திலை கால் பட்டால் மிச்சமும் போயிடும்."

அருந்ததி அவனுக்குக் கிட்ட நகர்ந்தாள். அடுத்த பள்ளம் வருவதற்கு முன்னால் அவனுடைய பிளாஸ்டர்க் காலை இரண்டு கைகளாலும் தூக்கித் தன் மடியில் வைத்தாள். அந்தக் கால் அம்மிக்கல் போலப் பாரமாக இருந்தது. வண்டில் குலுங்கியது. கால் அசையவில்லை. பலகை முழுவதும் அவளுக்குத்தான் இடித்தது.

வழியில் தையல் விட்டால் உதவும் என்று ஊசியையும் நூலையும் சட்டையில் குத்திக் கொண்டுவந்திருந்தாள். இப்போது ஊசி முனையால் பையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். விழுந்து விழுந்து போட்ட தையலை விழுந்து விழுந்து பிரிப்பது எவ்வளவு கொடுமை என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒட்டுசுட்டான் வந்து சேர்ந்தபோது பை தனியாகக் கையில் வந்துவிட்டது.

ஐயா தெரிந்த கடைக்காரரிடம் வண்டிலை விடப் போனார். பஸ் இன்னும் வரவில்லை. தரிப்பிடத்தில் கிடந்த நீட்டு மர வாங்கில் இருவரும் இருந்தார்கள். அருந்ததி பையைத் திருப்பி, பூத்துணி உட்பக்கம் போகும்படி வைத்தாள். பிரிப்பதற்குப் போர்வையைப் பக்கத்தில் வைத்தாலே போதுமாயிருந்தது, தைப்பதற்கு மடியில் விரிக்கவேண்டும். மடியில் அவனுடைய கால் கிடந்தது. காலை வாங்கில் இறக்கினால் "ஆ" என்றான். மடிக்குத் தூக்கினால் துணியை வைக்க இடமில்லை.

அவள் ஊசியை அவனிடம் நீட்டினாள்.

"நீ தை."

"நானோ? நான் என்ன பொம்பிளைப் பிள்ளையே?"

"அப்ப எழுத்திலை காலை வை."

தவராசா ஊசியை வாங்கிக்கொண்டான். முதல் தையலிலேயே விரலில் குத்திக்கொண்டு விரலை வாயில் வைத்தான். நூல் முடிச்சு விழுந்தது. அவிழ்த்தான். தையல் வயல் வரப்பைப் போல வளைந்து வளைந்து போனது. அருந்ததி துணியைப் பிடித்துக்கொண்டு, கிட்டக் கிட்டத் தை, இழுத்து விடு, மூலையில் இரண்டு தடவை போடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

"போர்வை முழுக்க நீ தனியாவோ தைச்சனீ?" என்று கேட்டான்.

"இல்லை, யானை வந்து தைச்சது."

அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து அடுத்த பக்கத்தைத் தைத்தான். இடையில் ஒரே ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. போர்வையாக விரிக்கும்போது இப்போது எழுத்து அடியில் வருமே, முழங்காலில் பட்டால் பரவாயில்லையா என்றான். பிறகு தானே யோசித்து, முழங்கால் வேறு பாதம் வேறு என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

மூன்றாவது பக்கத்து முடிச்சைப் போட்டபோது பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. ஐயா ஓடி வந்தார். அருந்ததி போர்வையை மடித்துப் பையைப் புரட்டி அடைத்தாள். சிவப்புப் பூக்களோடு திண்டு வந்தது. எழுத்து ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

ஐயா தவராசாவைத் தூக்கிக்கொண்டு ஏறி, பின் ஆசனத்தில் கால் நீட்ட இடம் பிடித்தார். அது வெறும் பலகை ஆசனம். அருந்ததி எழுந்து பின்னால் ஏறப் பார்த்தாள். கால்கள் இரண்டும் விறைத்திருந்தன. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, நொண்டி நொண்டித்தான் வந்து சேர்ந்தாள். அவள் நடந்து வருவதைத் தவராசா பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் திண்டை அவனுடைய காலுக்குக் கீழே வைக்கக் குனிந்தாள். அவன் அதை அவளுடைய கையிலிருந்து எடுத்துப் பக்கத்துப் பலகையில் போட்டான்.

"இதுக்கு மேலை நீ இரு, அக்கா. நான் காலை உன்ரை மடியிலை வைக்கிறன்."

அருந்ததி அவனையே பார்த்தாள். ஏதாவது குறும்பு இருக்குமோ என்று சந்தேகமாகவும் இருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவள் திண்டின் மேல் இருந்தாள். மெத்தென்றிருந்தது. அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் புறப்பட்டு, முதற் பள்ளத்தில் விழுந்து எழும்பியது. இருவருக்குமே நோகவில்லை.