அழிக்கச் சொன்ன டேப்

ஏழாவது டேக் தொடங்குவதற்கு முன் டேப்பில் யாரோ இருமினார்கள். அது, கேட்டுக்கொண்டிருந்த அவருடைய சொந்த இருமல்.

ரீலைக் கையால் பின்னுக்குச் சுற்றி மறுபடி ஓடவிட்டார். கிட்டாரின் கம்பியை முறுக்கிச் சுருதி பார்க்கும் சத்தம், யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், அதற்குப் பின்னால், வறண்டு, இரண்டு துண்டாக உடையும் அந்த இருமல். சிறு வயதிலிருந்தே அவருக்கு அப்படித்தான் வரும். டேப்போ அவர் பிறப்பதற்கு முன்னால் பதிவானது. இறுகச் சுற்றிய டேப்பில் ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றில் படிந்து, பாட்டு வருமுன்பே அதன் நிழல் லேசாகக் கேட்பதுண்டு. ஆனால் படிவதற்கு முதலில் ஒரு சத்தம் அங்கே இருந்தாக வேண்டுமே.

"சாப்பிட வரீங்களா, இல்ல அந்த மனுஷனோடயே குடித்தனமா?" கதவுக்கு வெளியே மனைவி.

"நீ சாப்பிடு. நேரலை இருக்கு" என்றார். குரல் கரகரத்தது.

அந்த மனுஷன் ஒரு காலத்தில் மேடைகளை உலுக்கிய ராக் அண்ட் ரோல் பாடகர். ரசிகர்களுக்குப் 'புயல்'. அவருடைய வெளிவராத ஸ்டூடியோ பதிவுகளைத் தேடியே இவருக்குப் பாதி வாழ்க்கை போயிருந்தது. அகப்படாமல் இருந்தது கடைசிப் பதிவு மட்டும். தொண்டை நோயோடு புயல் பாடியது. ஒவ்வொரு டேக்கிலும் உச்சத்தில் குரல் கிழிந்துபோனது. அழித்துவிடச் சொல்லி சவுண்ட் இன்ஜினியரின் கையைப் பிடித்துக் கெஞ்சினாராம். இன்ஜினியருக்கு மனசு வரவில்லை. இன்ஜினியர் இறந்த பிறகு டேப் பெட்டியைக் கொடுத்த அவர் மகள் சொன்னாள்: "நீங்க மட்டும் கேளுங்க சார். வெளிய விட்டுடாதீங்க."

"சேச்சே, என்னம்மா நீ" என்றிருந்தார்.

நேற்று முதல் டேக்கை இணையத்தில் போட்டார். ஊரே சிரித்தது. 'புயலா, பஞ்சரான டயரா' என்று எவனோ எழுதியதைப் படித்து இவரும் சிரித்தார். மிச்சத்தை இன்று மதியம் நேரலையில் கேட்கலாம் என்று அறிவித்தார்.

கைபேசியை மேஜைமேல் நிறுத்தினார். எதிரொலிக்காமல் இருக்கச் சுவரிலும் கதவிலும் பஞ்சு ஒட்டிய அறை. பழைய டேப்பின் புளித்த வாடை மூக்கில் ஏறி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. நேரலை தொடங்கியது. வணக்கம் சொல்ல வாயெடுத்தார். வெறும் காற்று வந்தது.

"வணக்கம்" என்றது ஸ்பீக்கர். அவருடைய குரலில்.

பிறகு புயல் பாட ஆரம்பித்தார். குரல் கிழிகிற இடம் இவருக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தது. கிழியவில்லை. முழுசாக, இளமையாக, மேலே போனது. அது ஏற ஏற இவருடைய தொண்டைக்குள் எதுவோ நூல் நூலாகப் பிரிந்தது.

நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். ரீல்கள் நின்றன. பாட்டு நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினார். பாட்டு.

கதவின் பிடியைத் திருகினார். அசையவில்லை. கையால் குத்தினார். பஞ்சு குத்தை விழுங்கியது.

"இன்னைக்கு நல்லாத்தான் பாடுறாரு உங்காளு" என்றாள் மனைவி, கதவுக்கு மறுபக்கம். "நான் அக்கா வீட்டுக்குக் கிளம்புறேன். வர நாளைக்காகும். ஏங்க, கேக்குதா?"

வாயைத் திறந்தார். காற்று.

"போயிட்டு வா. மெதுவா வா" என்றது ஸ்பீக்கர், அவருடைய குரலில், அவரிடம் என்றும் இல்லாத கனிவோடு.

"அதிசயந்தான்." செருப்புச் சத்தம் தேய்ந்தது. வாசல் கதவு சாத்திக்கொண்டது.

பாட்டு நின்றது.

"டேக்" என்றார் புயல்.

இவருடைய தாடை தானாகத் திறந்தது. கழுத்து பின்னுக்கு வளைந்தது. அந்த உச்ச ஸ்வரம் கிழிந்து, கிறீச்சிட்டு வெளியே வந்தது. சட்டையில் சூடாக ஏதோ சொட்டியது. சிவப்பு. கைபேசித் திரையில் சிரிக்கும் முகங்கள், ஒன்று, பத்து, நூறாக, குமிழிகளாய் மேலேறிக்கொண்டிருந்தன.

"நல்லாயிருக்கு. இன்னொரு டேக்."

தாடை திறந்தது.