பூ போகலாம், பை போகக்கூடாது

பொத்தென்று விழுந்தது.

கால்வாயில் விழுந்திருக்க வேண்டிய பை. விழுந்ததோ ஒரு தலையில்!

சந்திரிகா பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். கீழே, தண்ணீர்க் கதவை ஒட்டி, இடுப்பளவு நீரில் ஓர் இளைஞன். பை பிய்ந்து, தோளெல்லாம் வாடிய சாமந்தி, காதோரம் ஒரு வெற்றிலை... நிமிர்ந்து பார்த்தான். அப்பப்பா, அந்தக் கண்கள்! கோபப்படத்தான் நினைத்தன, அவளைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தன.

"ஏங்க, மேல இருந்து அர்ச்சனையா?"

"நீங்க ஏன் அங்க போயி நிக்கிறீங்க?"

"நல்லா இருக்கே! நான் நிக்கிறது என் வேலைங்க. இது என்னா?"

"சாமிக்குப் போட்ட பூ. வெள்ளிக்கிழமைப் பூவைக் குப்பையில கொட்டக்கூடாது. ஓடுற தண்ணியிலதான் விடணும். அதுகூடத் தெரியாதா?"

"பூவை விடுங்க, யாரு வேணாம்னா? இந்தப் பை எந்தச் சாமிக்குப் போட்டது?"

அவன் பூவையெல்லாம் பொறுமையாக நீரில் உதறினான். பிளாஸ்டிக் பையை அலசிப் பிழிந்து, கரையேறி வந்து, சேலையை மடித்துக் கொடுப்பதுபோல் மடித்து அவள் கையிலேயே கொடுத்தான்.

"பூ போகலாங்க. பை போகக்கூடாது. அது மக்காது. போயிக் கதவு இடுக்குல குந்திக்கும்."

திமிர் பிடித்தவன்! தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும்வரை அவனைத் திட்டிக்கொண்டேதான் வந்தாள். தூறல் விழுந்ததையோ, ஈரப் பை கையிலேயே இருந்ததையோ அவள் கவனிக்கவில்லை. திட்டுகிறவர்கள் சிரித்துக்கொண்டே திட்டுவார்களா என்று கேட்காதீர்கள். இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் திட்டுவார்கள்.

அவன் பெயர் சேது. ஊர் புக்கிட் பெலிம்பிங். அந்த எண்பத்து நான்காம் வருடத் தொடக்கத்தில்தான் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தின் தண்ணீர்க் கதவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தான். தோட்டம் தாழ்ந்த நிலம். கடல் ஏறும்போது ஆறும் ஏறும். உடனே கதவை இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர் கால்வாய் வழியே செம்பனை மரங்களுக்கும் லயத்துக்கும் வந்துவிடும். கடல் வடிந்ததும் தூக்கிவிட வேண்டும். நாளெல்லாம் இதுதான் வேலை. இடையில், இடுக்கில் சிக்கும் குப்பையை இழுத்துப் போடுவது.

அடுத்த சனிக்கிழமை சந்திரிகா பூவை வாழையிலையில் கொண்டு வந்தாள். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு; அன்று பாதி நாள் லீவு.

"பை எங்கங்க?" என்றான் அவன்.

"பைக்கு இன்னிக்கு விரதம்."

சிரித்தான். அந்தச் சிரிப்பு... வேண்டாம், அதை எழுதப் போனால் கதை நகராது.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். 'அண்ணே' என்று சேர்த்திருக்கலாம். தோட்டத்தில் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பாள். ஏனோ வாய் வரவில்லை.

அப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. கதவருகே இருந்த தகரக் கொட்டகையில் இருவரும் ஒதுங்கினார்கள். ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. அக்கரை மரங்களில் கொக்குகள் நனைந்துகொண்டு சும்மா இருந்தன. அவள் இமையில் ஒரு துளி தங்கியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள்...

"எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலைங்க," என்றான் திடீரென்று. "அடுத்த மாசம்தான் முடிவு பண்ணுவாங்க. ஒரு புகார் போனாலும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?"

"தெரியலை. சொல்லணும்னு தோணுச்சு."

மழை விட்டும் வெகுநேரம் அவள் கிளம்பவில்லை.

சித்ரா பௌர்ணமிக்குத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கோயில் கமிட்டித் தலைவர், தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஐயாவு, சந்திரிகாவின் அப்பா. நல்ல மனிதர்தான், ஆனால் அவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னால் மட்டும் ஆகாது. கமிட்டிக் கூட்டத்துக்கு சேது தானாகவே வந்து நின்றான்.

"ஐயா, ஒரு வேண்டுகோள். ரோஸ் தண்ணியைப் பிளாஸ்டிக் பையில கட்டிக் கொடுக்க வேணாம். குடிச்சிட்டு எல்லாரும் கால்வாயிலதான் வீசுறாங்க. பௌர்ணமிக்குக் கடல் ரொம்ப ஏறும். கதவு மாட்டிக்கிச்சுனா..."

"தம்பி," என்றார் ஐயாவு. "கதவைத் தொறக்க, மூட வந்தவன் நீ. திருவிழா எப்படி நடத்துறதுன்னு எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

கூட்டம் சிரித்தது. சேதுவின் முகம் சிவந்தது. ஒரே ஒரு தடவை அவன் கண்கள் ஓரமாக நின்ற சந்திரிகாவைத் தேடின. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐயோ, ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா! பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை பாலத்துக்கும் போகவில்லை, வெட்கம்.

திருவிழா அன்று தண்ணீர்ப் பந்தலில் நின்றது அவள்தான். பைக்குள் ரோஸ் தண்ணீரை ஊற்றி, ஸ்ட்ரோ செருகி, வாயை ரப்பரால் சுருட்டிக் கட்டி, நீட்டிய கைக்கெல்லாம் கொடுத்தாள். வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருந்தன, ரோஜா நிறத்தில். குடித்து முடித்தவர்கள் வீசியதெல்லாம் கால்வாயில் மிதந்து போயிற்று.

சாயங்காலம் கடல் ஏறியது. சேது கதவை இறக்கினான். பாதியில் நின்றுவிட்டது! பைகளும் ரப்பரும் கயிறுமாக முறுக்கிக்கொண்டு இடுக்கை அடைத்திருந்தன. முங்கி முங்கி இழுத்தான், கையெல்லாம் கிழிந்தது. ஆனால் கடல் காத்திருக்குமா? உப்புத்தண்ணீர் கீழ் லயத்துக்குள் முழங்கால்வரை புகுந்தது. அரிசி போச்சு, துணிமணி போச்சு, சமைத்து வைத்த அன்னதானமும் போச்சு.

"தூங்கிட்டான்!" என்றார் ஐயாவு. "கதவுக்காரன் தூங்கிட்டான். எழுதுறேன் பாரு புகார்."

எழுதப் போவது யார்? வீட்டில் மலாயில் எழுதத் தெரிந்தவள் சந்திரிகா மட்டும்தான். அப்பா நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தக் கையால் எழுதினால் அவன் போய்விடுவான். எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள், அப்போதும் போய்விடுவான். 'நானே எழுதுறேன்பா, நீங்க படுங்க' என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் முன்னால் கூட்டம். எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"வாசி ஆயி," என்றார் அப்பா மகளிடம் பெருமையாக. "தமிழ்லயே சொல்லு."

சந்திரிகா எழுந்தாள். காகிதத்தைப் பிரித்தாள்.

"கதவுக்காரர் சேது தூங்கலை. திருவிழாவுக்கு முன்னாலயே வந்து நம்மகிட்டச் சொன்னாரு. நாம சிரிச்சோம். கதவு மூடாததுக்குக் காரணம், நாம கால்வாயில வீசுன ரோஸ் தண்ணிப் பை. அதைக் கட்டிக் கொடுத்தது நான், ஐயாவு மகள் சந்திரிகா. தப்பு எங்க மேல."

"உனக்குப் பைத்தியமா?" அப்பாவின் குரல் உடைந்தது. "எத்தனை பேரு முன்னால... யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லலைப்பா. என் கைதானே கட்டுச்சு."

கீழ் லயத்து இராஜம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். வெள்ளத்தில் அதிகம் இழந்தவள். சேதுவை அதிகம் திட்டியவளும் அவள்தான். "நானும் மூணு பை குடிச்சேன். எங்க போட்டேன்? கால்வாயிலதான். என் வீட்டுக்கே வந்திருச்சு," என்றாள். பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நானும்தான்," என்றார்.

ஐயாவு மகள் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். கிழித்தெறியப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"பேனாவை எடு," என்றார். "என் பேரையும் எழுது ஆயி. பையில ஊத்தச் சொன்னது நான். உன்னை மட்டும் எழுதி வச்சா அது பொய்யில்ல?"

நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். சந்திரிகாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவை இத்தனை பிடித்தது அவளுக்கு அன்றுதான்.

மத்தியானம் அவள் பாலத்துக்கு ஓடியபோது தகரக் கொட்டகையில் சேது துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் கட்டு.

"அவுத்து வைங்க. யாரும் உங்களை அனுப்பல," என்று மூச்சு வாங்கச் சொன்னாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சபையில உங்கப்பாவைத் தலைகுனிய வச்சிட்டீங்களேங்க..."

"குனியலை. நிமிந்துதான் கையெழுத்துப் போட்டாரு."

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

"கால்வாய் சுத்தமா இருக்கணும்னு..." ஆரம்பித்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தக் கண்களுக்கு முன்னால் எதை மறைப்பது? "அது பாதிதாங்க. மீதி... நீங்க போயிடக்கூடாதுன்னு."

"போயிட்டா என்னாவாம்?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க பாருங்க! எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. போதுமா?"

தூறல் ஆரம்பித்தது. ஆற்றின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் விரிந்து விரிந்து மறைந்தன...

"நான் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்ததை நீங்க சொல்லிட்டீங்க," என்றான் மெல்ல. "எனக்கு முதல் நாள்ல இருந்தே, சந்திரிகா." பெயரைச் சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டான். "உங்கப்பாகிட்ட நான்தான் வந்து கேக்கணும். இப்பவே வரேன்."

"கடல் ஏறுதுலா! கதவை யாரு இறக்குவா?"

சிரித்துக்கொண்டே கதவை இறக்கும் சக்கரத்தைப் பிடித்தான். கட்டுப் போட்ட கை வலித்தது. எதிர்ப்பக்கம் போய் அவளும் பிடித்துக்கொண்டாள். சுற்றுக்கு ஒரு விரற்கடையாகக் கதவு இறங்கியது. எங்கும் தட்டவில்லை, எதிலும் சிக்கவில்லை. அடிவரை போய் அமர்ந்தது.

"இப்ப வரலாமா?" என்றான்.

"இப்ப வாங்க," என்றாள் சந்திரிகா.