பத்து நிமிட வானம்

அன்று அடித்தது புயலா, வெறும் பலத்த காற்றா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காற்றில் ஒரு பள்ளியின் மொட்டைமாடிக் கம்பம் முறிந்து விழுந்தது. அதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே நினைவு.

நம் கதை நடந்தது அந்தப் பள்ளியில் இல்லை. வெகுதூரத்தில் இருந்த இன்னொரு பள்ளியின் மாடியறையில். அன்று மாலை அங்கே ஒரு வானொலிப் பெட்டிக்கு முன்னால் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவளை எல்லாரும் அசையாமணி என்று கூப்பிட்டார்கள். மணிதானாம், ஆனால் சத்தமே வராதாம்.

அவளுடைய குழு ஒரு செயற்கைக்கோள் செய்திருந்தது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு கைகளில் அடங்கிவிடும் சின்னப் பெட்டி. தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவுநாடாவின் ஒரு துண்டுதான் அதற்கு ஆண்டெனா. காற்றடித்த அந்தப் பள்ளியும் இதே மாதிரி ஒன்று செய்திருந்தது. முந்தின நாள் ஒரே ராக்கெட் இரண்டையும் கொண்டுபோய் வானத்தில் விட்டது.

உயிரோடு இருந்தால் செயற்கைக்கோள் 'பீப்' என்று ஒலிக்கும். தலைக்கு மேல் கடந்துபோகும் பத்து நிமிடம்தான் அந்த ஒலி கேட்கும்; அதை விட்டால் மறுநாள் காலைதான். அதைக் கேட்கும் வேலையை அசையாமணிக்குக் கொடுத்திருந்தார்கள். வெறும் இரைச்சலைச் சலிக்காமல் கேட்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். குழுவில் எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுபவள் ஒருமுறை ஹெட்போனை மாட்டிப் பார்த்தாள். தான் பேசுவதே கேட்கவில்லை என்று உடனே கழற்றிவிட்டாள்.

கடைசி பெஞ்சில் அசையாமணியின் அப்பா உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுநர். அரைநாள் விடுப்பு கேட்டு வாங்கி, சீருடையோடு வந்திருந்தார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் அவருடைய முழங்கால்கள் மோவாயைத் தொட்டன.

அப்போது டீச்சரின் போன் அடித்தது. அந்தப் பள்ளிக் குழுவின் தலைவன். கத்திக் கத்தி அவனுக்குக் குரலே போயிருந்தது. டீச்சர் எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், எங்க ஆண்டெனாக் கம்பம் விழுந்துடுச்சு. எங்க சாட்டிலைட்டோட நாங்க பேசவே முடியலை."

"நாளைக்குள்ள நிமிர்த்திடலாமேப்பா?"

"நாளைக்கு அது இருக்காது டீச்சர். ராக்கெட்ல தானா விரிஞ்சிடக் கூடாதுன்னு, நாங்க சொன்னாத்தான் இறக்கையை விரிக்கணும்னு பண்ணி வச்சோம். இறக்கை விரிஞ்சாத்தான் வெயில் பட்டு பேட்டரி ஏறும். இருக்கிற பேட்டரி இன்னைக்கு ராத்திரி தீர்ந்துடும்."

"அவ்வளவு ஒழுக்கமாவா வளர்ப்பீங்க?" என்றாள் வாயாடி. யாரும் சிரிக்கவில்லை.

"உங்க வானொலியில எங்க ஆணையை அனுப்புவீங்களா? அது உடனே கேக்காது. திரும்பத் திரும்ப அனுப்பணும்."

எல்லாரும் வானொலிப் பெட்டியைப் பார்த்தார்கள். இருந்தது ஒரே வானொலி. இரண்டு செயற்கைக்கோள்களும் ஒன்றாகவேதான் கடந்துபோகும். அந்தப் பள்ளியுடையதோடு பேசினால் இவர்களுடையதைக் கேட்க முடியாது.

"நீங்க செஞ்சது. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் டீச்சர்.

"நம்மது உயிரோட இருக்கான்னே இன்னும் தெரியலை" என்றான் இவர்கள் குழுவின் கேப்டன். "எல்லார் வீட்லருந்தும் வந்து உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட என்ன சொல்றது?"

"நம்மது செத்துப்போயிருந்தா?" என்று வாயாடி மெல்லக் கேட்டாள். அவள் மெல்லப் பேசியது அன்றுதான் முதல்முறை.

அசையாமணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இனி அவருக்கு எப்போது விடுப்பு கிடைக்குமோ. ஒரு வருடமாகத் தினமும் இரவுச் சாப்பாட்டின்போது அவர் கேட்ட ஒரே கேள்வி, "உன் பெட்டி எப்பம்மா பேசும்?" என்பதுதான்.

அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"நம்மது நல்லா இருந்தா நாளைக்கும் நல்லாத்தான் இருக்கும். செத்திருந்தா நாளைக்கும் செத்துத்தான் இருக்கும். அவங்களது மட்டும்தான் இன்னைக்குச் சாகப்போகுது."

கேப்டன் அவளைப் பார்த்தான். மற்றவர்களைப் பார்த்தான். பிறகு மாடிப்படியேறி மொட்டைமாடிக்கு ஓடினான். ஆண்டெனாவைக் கையால் திருப்புவது அவன் வேலை.

அசையாமணி வானொலியின் குமிழைத் திருப்பினாள். தங்களுடைய அலைவரிசை எண்ணைக் கடந்துபோகும்போது அவள் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு கடந்துவிட்டது.

போனில் அந்தப் பையன் சொல்லச் சொல்ல வாயாடி ஆணையைக் கணினியில் தட்டினாள். அனுப்பினார்கள். இரைச்சல். மறுபடி அனுப்பினார்கள். இரைச்சல். நிமிடங்கள் ஓடின. போனில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கையை எடு" என்று அசையாமணி திடீரென்று சொன்னாள். "எதையும் தொடாதே."

இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பலவீனமா ஒலிக்குது. தேஞ்சுக்கிட்டே போகுது, ஆண்டெனா பின்தங்கிடுச்சு போல. ஆண்டெனாவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் சன்னல் வழியே கத்தினார். கேப்டன் திருப்பினான்.

"இப்ப அனுப்பு."

வாயாடி அனுப்பினாள். அசையாமணி நெடுநேரம் அசையவில்லை.

"ரெண்டு ரெண்டா ஒலிக்குது" என்றாள் பிறகு.

போனில் மூக்குறிஞ்சல் நின்றது; அந்தப் பையன் பேசினான். "இறக்கை விரிஞ்சா ரெண்டு ரெண்டாத்தான் ஒலிக்கும், அக்கா." அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. குரல் போனதால் என்று பிறகு சொல்லிக்கொண்டான்.

குமிழைத் தங்கள் எண்ணுக்கு அவள் திருப்பியபோது பத்து நிமிடம் முடிந்திருந்தது. வெறும் இரைச்சல்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார். "உன்னோடது பேசுச்சா?"

"தெரியலைப்பா. நாங்க கேக்கலை."

தெருமுனையில் அப்பா அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பஸ் கிளம்பின பிறகு யாராவது ஓடிவந்தா நிறுத்துவேன்" என்றார். "உள்ள இருக்கறவங்க திட்டுவாங்க. இன்னைக்கு நான் உள்ள உக்காந்திருந்தேன். திட்டத் தோணலைம்மா."

அவள் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அசையாமணியின் குழு செய்ததும் ஒலித்தது. தெளிவாக, சத்தமாக. அப்பா அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மாலையில் பதிவுசெய்ததைக் கேட்டுவிட்டு, "கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு" என்றார்.

கேப்டன் இப்போது பல் மருத்துவர். வாயாடி நீதிமன்றத்தில் வாதாடுகிறாள். குரல் போன பையனுக்குக் குரல் திரும்பி வந்தது. பாட்டு வகுப்பு எடுக்கிறான். அசையாமணி ஒரு மருத்துவமனையில் கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கிறாள். இரண்டு செயற்கைக்கோள்களும் தம் காலம் முடிந்து, காற்றில் உரசி எரிந்துபோயின. அந்தப் பள்ளியுடையது மட்டும் இரண்டு மாதம் கூடுதலாக வாழ்ந்தது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. வாயாடிக்குக் கொஞ்சம் உண்டு.